மான் உரோமத்தால் ஒரு தவளை

ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது, அப்பொருளை உள்ளபடி அறிந்துகொள்வதன் கிளையே என்பது உஸூல் கலையில் அடிக்கடி எடுத்தாளப்படும் விதி. மத்ரஸாவில் ஓதிய காலத்தில் நம் உஸ்தாது அவர்கள் அதனை நமக்குச் சொல்லித் தந்தார்கள். அதன்பின் முப்பதாண்டுகளுக்கு மேலாக நாமும் நம் மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். வேரில்லாத கிளை எங்கே நிற்கும் என்று கேட்டு விளக்கமும் தருவோம். ஆயினும் அந்த விதி நம் நாவிலிருந்து நம் விரல்களுக்கு இறங்கியது ஐம்பத்தெட்டாம் வயதில்தான். அதுவும் ஓர் அரபு நூலின் முன்னால் அன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், அயல்வீட்டுப் பெரியவர் ஒருவரின் மேசை முன்னால், ஒரு கற்றை மான் உரோமத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விழித்துக் கொண்டிருந்தபோது.

மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கி வரலாம் என்று சென்றிருந்தோம். பேரனுக்கு வயது பதினொன்று. நாள்தோறும் மாலையில் அரை மணி நேரம் அவனை ஓத வைப்பது நம் பொறுப்பாயிற்று. பிள்ளை மரியாதைக் குறைவு சிறிதும் இல்லாதவன். ஆனால் அந்த அரை மணியில் பாதியைக் கடிகாரத்தைப் பார்ப்பதிலேயே கழித்துவிடுவான். ஓதி முடித்ததும் அயல்வீட்டுக்கு ஓடிவிடுவான். அங்கே இரண்டு மணி நேரமானாலும் அசையாமல் அமர்ந்திருப்பான். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டோம். உடனே ஒரு சிறிய பெட்டியைக் கொண்டுவந்து திறந்து காட்டினான்.

உள்ளே பச்சைத் தவளைகள், சாம்பல் நிறச் சுண்டெலி ஒன்று, மஞ்சள் விட்டில்கள். ஒவ்வொன்றின் வயிற்றின் கீழும் ஒரு தூண்டில் முள் வளைந்து நின்றது.

“எல்லாமே மான் உரோமம், அப்பா. அவர் கட்டியவை. எனக்கும் கற்றுத் தருகிறார்” என்றான். நம் ஊர் வழக்கப்படி நம்மை அவன் ‘அப்பா’ என்றுதான் அழைப்பான்.

“இவற்றால் மீன் பிடித்து என்ன செய்வீர்கள், வாப்பா?”

“தண்ணீரிலேயே விட்டுவிடுவோம்.”

“உண்பதில்லையா?”

“இல்லை. விளையாட்டுக்குத்தான்” என்றவன், நம் முகத்தில் எதைக் கண்டானோ, சற்று நிறுத்தி, “அது கூடுமா, கூடாதா அப்பா?” என்று கேட்டான்.

நாம் ஓத வைக்கத் தொடங்கிய நாள்முதல் அவனாகவே நம்மிடம் கேட்ட முதல் மஸ்அலா அதுதான். விடை நம் நாவின் நுனி வரை வந்துவிட்டது. அடுக்களையில் நின்ற மகள் திரும்பிப் பார்த்தாள். ‘கூடாது’ என்று அப்போதே சொல்லியிருந்தால் பிள்ளை பெட்டியை மூடியிருப்பான். அதனோடு நம்மிடம் கேட்கும் வாயையும் மூடியிருப்பான் என்று நமக்குத் தோன்றிற்று. அந்த வேளையில்தான் உஸ்தாது அவர்கள் நினைவுக்கு வந்தார்கள். தூண்டிலைப் பற்றியும் அந்த மீனைப் பற்றியும் அந்தப் பெரியவரைப் பற்றியும் நாம் அறிந்தது என்ன? ஒன்றும் இல்லை. “வாப்பா, இதைப் பற்றி அப்பாவுக்கு ஒன்றுமே தெரியாது. முதலில் கற்றுக்கொள்கிறோம், பிறகு சொல்கிறோம்” என்றோம். மறுநாள் பேரன் நம் கையைப் பிடித்து அயல்வீட்டுக்கு அழைத்துச் சென்றான்.

அந்தப் பெரியவர் எழுபதைக் கடந்தவர். மோட்டார் வாகனத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். பேச்சுக் குறைவு. நம் தாடியையும் தொப்பியையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவ்வளவுதான், மாணவராகச் சேர்ந்துவிட்டோம்.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுவோம். ‘பாஸ்’ என்றவுடன் நம்மவர்க்குக் கொடுவா மீன் நினைவுக்கு வரும். உணவு விடுதிகளில் அதனையும் அப்பெயரால் அழைக்கிறார்கள். இது வேறு. வட அமெரிக்காவுக்கே உரிய நன்னீர் மீன் இது. பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ் என இதில் பல வகைகள் உண்டு. பெருவாய் பாஸின் தாடை கண்ணுக்கும் பின்னால் வரை நீளும். ஆம்பல் இலைகளுக்கும் பாசிக்கும் அடியில் மறைந்து நின்று, மேலே தவளையோ தத்தளிக்கும் விட்டிலோ அசைந்தால், வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். 1932ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் பிடிபட்ட ஒன்று 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ பத்துக் கிலோ எடை இருந்ததாம். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் அதற்கு இணையான ஒன்று பிடிபடும் வரை அதுவே தனிப் பெருமையோடு விளங்கிற்று. மிச்சிகன் ஏரிகளில் நாம் கண்டவை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இம்மீனுக்கு மான் உரோமம் காட்டும் வித்தை வெள்ளையர் கண்டது அன்று. வில்லியம் பார்ட்ராம் என்னும் இயற்கையறிஞர் 1791இல் வெளியிட்ட பயண நூலில், அமெரிக்காவின் தென்பகுதியில் தாம் கண்ட ஒரு மீன்பிடி முறையை எழுதி வைத்திருக்கிறார். மூன்று முட்களை முதுகோடு முதுகாகச் சேர்த்து, மான்வாலின் வெண்ணிற உரோமத்தாலும் சிவப்புத் துணிக் கிழிசல்களாலும் இறகுகளாலும் மூடி, பத்துப் பன்னிரண்டு அடி நீளக் கோலில் தொங்கவிட்டு, நீர்மேல் ஆட்டியபடி தோணியில் செல்வார்களாம். 1881இல் ஜேம்ஸ் ஹென்ஷல் என்னும் மருத்துவர் இந்த மீனுக்கென்றே ஒரு நூல் எழுதினார். அவர் பெயரால் ஒரு மான் உரோமப் பூச்சி இன்றும் கட்டப்படுகிறது.

மற்ற உரோமங்களை விட்டு மான் உரோமத்தை ஏன் நாடினார்கள்? பெரியவர் ஓர் உரோமத்தை எடுத்து நகத்தால் அழுத்திக் காட்டினார். தக்கையை அழுத்தியதுபோல் அது உள்ளே அமுங்கிற்று. மான் உரோமத்தின் உட்பகுதி காற்று நிறைந்த நுண்ணறைகளால் ஆனது. பனிக்காலத்தில் மானுக்குக் கதகதப்பைத் தருவது அந்தக் காற்றுதான். அதே காற்றுதான் தவளையை நீர்மேல் மிதக்க வைக்கிறது. மெல்லிய நூலால் இறுக்கும்போது, இறுக்கிய இடம் அமுங்கி, இரு பக்கமும் விசிறிபோல் விரிந்து நிற்பதும் அதனால்தான். ஆட்டு மயிரோ குதிரை வாலோ இப்படி விரிவதில்லை.

வேலையைக் கேட்டால் எளிது. முள்ளை ஒரு சிறு வைஸில் பொருத்த வேண்டும். பென்சில் பருமனுக்கு ஒரு கற்றை உரோமத்தை வெட்டி, அடியிலுள்ள பஞ்சு போன்ற குறுமயிரைச் சீப்பால் வாரி நீக்க வேண்டும். கற்றையை முள்ளின்மேல் வைத்து, நூலை இரண்டு சுற்றுத் தளர்வாகச் சுற்ற வேண்டும். பின்னர் நூலை மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டே, கற்றையைப் பிடித்திருக்கும் விரல்களைத் தளர்த்த வேண்டும். அப்போது உரோமம் தானாகவே முள்ளைச் சுற்றிச் சுழன்று விரியும். அதனைப் பின்னுக்குத் தள்ளி நெருக்கிவிட்டு, அடுத்த கற்றை, அதற்கடுத்த கற்றை. முள் நிறைந்ததும் முடிச்சுப் போட்டுவிட்டு, நீராவி காட்டி நிமிர்த்தி, சவரப் பிளேடால் தவளை வடிவில் செதுக்க வேண்டும். வயிற்றுப்புறத்தைத் தட்டையாக, முள்ளோடு ஒட்டிச் செதுக்குவது முக்கியம். அங்கே உரோமம் மிகுந்திருந்தால் மீனின் வாயில் முள் தைக்காது.

செய்து பார்த்தபோதுதான் நம் முப்பதாண்டு ஆசிரியத் தொழில் நமக்கே பகையாயிற்று. தளர்வாகச் சுற்ற வேண்டிய முதற் சுற்றையே நாம் இறுக்கினோம். உரோமம் சுழலவில்லை; ஒரு பக்கமாகவே குத்திட்டு நின்றது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அதை வெட்டி எறிந்துவிட்டு, மறுபடியும் வெறும் முள்ளைக் கொடுத்தார். அடுத்தமுறை குறுமயிரை வாராமல் விட்டோம், விரியவில்லை. அதற்கடுத்தமுறை நூல் அறுந்தது. ஒருவாறு நிறைவேறிய ஒன்றைச் செதுக்கும்போது, பிளேடு ஆழச் சென்று நூலையே அறுத்துவிட, ஒரு மாலை நேரத்து உழைப்பு மேசையெங்கும் உதிர்ந்தது. பேரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இரண்டு விரல்களையும் ஒரே நேரத்தில் விடக்கூடாது, அப்பா. நூல் இறுக இறுகத்தான் விட வேண்டும்” என்று நமக்குப் பாடம் சொன்னான். அவன் சொன்னது சரியாகவே இருந்தது. மூன்று வாரங்களுக்குப் பின் நாம் கட்டிய முதல் தவளை, தவளையினும் முள்ளம்பன்றிக்கே நெருங்கிய உறவினதாய் இருந்தது. ஆனால் மிதந்தது.

இதற்கிடையில் நம்முள் இருந்த மத்ரஸா வாளாவிருக்கவில்லை. ஷரீஅத் முறைப்படி அறுக்கப்படாத பிராணி மைத்தத்து. அதன் தோல் பதனிட்டால் தூய்மையாகும். உரோமமோ பதனிட்டாலும் தூய்மையாகாது என்பதே நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜை ஓதிய மாணவர்கள் இதனை அறிவார்கள். ஹனஃபீ மத்ஹபிலோ, உரோமத்தில் உயிரோட்டம் இல்லாமையால், பிராணி செத்தாலும் உரோமம் நஜீஸாவதில்லை. ஆகவே, இந்த மான்கள் எப்படிச் செத்தன என்று பெரியவரிடம் கேட்டோம். அவர் அக்டோபரில் வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடுபவர். வேறு சில தோல்கள், நவம்பர் 15 முதல் 30 வரை நடக்கும் துப்பாக்கி வேட்டைப் பருவத்தில் அவருடைய நண்பர்கள் சுட்டவை. எந்த உரோமம் எந்த மானுடையது என்பது அவருக்கே நினைவில்லை. ஐயத்துக்குரியது என்று கொண்டு, பேணுதலையே கைக்கொண்டோம். உலர்ந்த நஜீஸை உலர்ந்த கையால் தொட்டால் அது ஒட்டுவதில்லை. வேலை முடிந்ததும் கை கழுவிவிடுவோம். தொழுகையில் மட்டும் அது நம்மோடு இருக்கலாகாது.

இத்தனையும் அறிந்த நாமே ஒருநாள் வழுக்கினோம். பெரியவர் வீட்டிலிருந்து அஸர் நேரத்துக்கு விரைந்து திரும்பி, ஒளுச் செய்து தொழுதோம். ஸலாம் கொடுத்துத் திரும்பினால், பேரன் நம் சட்டைப் பையையே பார்த்துக் கொண்டிருக்கிறான். “அப்பா, தவளை!” பையிலிருந்து அதன் ரப்பர்க் கால்கள் இரண்டும் வெளியே தொங்கிக் கொண்டிருந்தன. எடுத்து வைத்துவிட்டு மீண்டும் தொழுதோம். முடியும்வரை அவன் காத்திருந்து, ஏன் என்று கேட்டான். மைத்தத்து என்றால் என்ன, பதனிடுதல் என்றால் என்ன, இரண்டு இமாம்கள் ஏன் வேறுபட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போனோம். மஃரிபு பாங்கு சொல்லும் நேரம் வந்துவிட்டது. அன்று அவன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் அப்போது தோன்றிற்று. நம் பக்கத்துக் குளங்களில் விரால் பிடிக்க உயிருள்ள தவளையை முள்ளில் கோத்து விடுவதை நாம் சிறு வயதிலேயே கண்டிருக்கிறோம். கோத்த தவளை நீரில் கால்களை உதைத்துக் கொண்டிருக்கும். தவளையைக் கொல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பதை ஹதீஸ் நூல்களில் ஓதியிருந்தும், அந்தக் காட்சியோடு அதனை நாம் ஒருநாளும் பொருத்திப் பார்த்ததில்லை. ‘கூடாது’ என்று சொல்ல நாம் அவசரப்பட்ட இந்த மேசையில், ஒரு தவளையின் உயிரையும் எடுக்காமல் தவளைக்கு மாற்று ஒன்று உருவாகிக் கொண்டிருந்தது.

எனினும் பேரனின் கேள்வி அப்படியே நின்றது. மீனைப் பிடித்துப் பிடித்து விடுவதைப் பற்றி ஒருநாள் பெரியவரிடமே கேட்டோம். அவர் சினம் கொள்ளவில்லை. தம் இளமையில் எல்லாரும் கோத்துத் தொங்கவிட்ட மீன்களோடு படம் எடுத்துக்கொள்வார்கள் என்றும், உண்டதைவிட அழுகி எறிந்தது மிகுதி என்றும் சொன்னார். ரே ஸ்காட் என்பவர் நிறுவிய பாஸ் மீன்பிடிப்போர் சங்கம், பிடித்த மீனைக் கொல்லாதீர் என்னும் இயக்கத்தை 1972இல் தொடங்கிற்று. தாமும் அதன்பின் மாறியதாகச் சொன்னார். விளையாட்டு என்று நாம் எண்ணியது, அவர்கள் கணக்கில் ஒரு வகை விரயம் தவிர்த்தலாக இருந்திருக்கிறது. முதல்நாளே நாம் தீர்ப்புச் சொல்லியிருந்தால், ஒரு நல்ல மனிதரின் அடக்கத்தைக் கொடுமை என்று பெயரிட்டிருப்போம்.

ஆயினும் உண்மையை மறைப்பதும் ஆசிரியனுக்கு அழகன்று. உயிருள்ள ஒன்றை வீணே குறிவைத்து விளையாடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஒரு சிட்டுக்குருவியையும் உரிமையின்றிக் கொன்றவன் அதைப் பற்றிக் கேட்கப்படுவான் என்றும், அதன் உரிமை அதை அறுத்து உண்பதே என்றும் எச்சரித்திருக்கிறார்கள். நீர்வாழ் வேட்டையை அல்லாஹ் நமக்கு ஆகுமாக்கியது உணவாகத்தான். கொல்லாமல் விட்டாலும், வாயில் முள் தைத்து இழுத்த வேதனை வேதனைதான். நம் மகிழ்ச்சி ஒன்றே அதற்கு விலையாகாது. நம் சிற்றறிவுக்கு எட்டிய இதனை அவரிடம் பணிவோடு சொன்னோம். உண்ணும் எண்ணத்தோடு பிடிப்போம். வீட்டுக்குத் தேவையானது கிடைத்ததும் கோலை மடக்கிவிடுவோம். சட்டப்படி விட வேண்டிய சிறு மீன்களுக்கு வேதனை குறையும்படி, முள்நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு முனையைக் குறட்டால் நசுக்கிவிடுவோம் என்றோம். அவர் நெடுநேரம் நூற்கண்டை உருட்டிக் கொண்டிருந்தார். பிறகு, தாம் பாஸ் மீன் உண்டு முப்பதாண்டு இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

எந்த நீரில் பிடிப்பது என்பதும் கேள்வியாயிற்று. அருகில் ஓடும் ஹியூரான் ஆற்றில் தொழிற்சாலை வேதிப்பொருள் கலந்ததால், அதன் மீனை உண்ண வேண்டாம் என்று மாநில நலத்துறை 2018இல் எச்சரித்திருந்தது. உண்ணக் கூடாத மீனைப் பிடிப்பது நம் நிபந்தனைக்கே முரண். பெரியவர் நலத்துறையின் கையேட்டைப் புரட்டி, வேறொரு சிற்றேரியைத் தெரிந்தெடுத்தார்.

ஜூன் மாதத்தில் ஒருநாள், ஸுப்ஹு தொழுத கையோடு மூவரும் படகில் ஏறினோம். ஏரியின்மேல் மூடுபனி படர்ந்திருந்தது. பேரன் தன் கையால் கட்டிய தவளையை விட்டுவிட்டு, நாம் கட்டிய கோணல் தவளையை எடுத்துக் கயிற்றில் முடிந்தான். ஆம்பல் இலையோரம் அது விழுந்தது. நீர்வளையங்கள் அடங்கும்வரை அவன் காத்திருந்து, ஒருமுறை மெல்ல இழுத்தான். நீர் பிளந்தது, தவளை மறைந்தது, பிள்ளை கூவினான். அளந்தால் பன்னிரண்டு அங்குலம். மிச்சிகனில் பதினான்கு அங்குலத்துக்குக் குறைந்த பாஸை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. முனை நசுங்கிய முள் விரல் பட்டதும் கழன்றது. மீன் நழுவிச் சென்றது. அடுத்தது பதினைந்து அங்குலம். சிறிது நேரத்தில் இன்னொன்று, அதனினும் சற்றுப் பெரிது. வீட்டுக்கு அவ்வளவு போதும்.

சோதனை அங்கேதான் இருந்தது. ஒருவர் ஐந்து வரை வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. வெயில் இன்னும் ஏறவில்லை. இலைகளினூடே மீன்கள் துள்ளிக் கொண்டிருந்தன. “இன்னும் ஒரே ஒருமுறை, அப்பா” என்றான். நாம் ஒன்றும் சொல்லவில்லை. முதல்நாள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டிருந்தோம். பெரியவரும் துடுப்பைத் தொடவில்லை. பிள்ளை நீரைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான், பிறகு கயிற்றைச் சுற்றத் தொடங்கினான். கரை சேரும்வரை அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. அவன் மகிழ்ச்சியோடு அதைச் செய்தான் என்று எழுதினால் பொய்யாகும்.

நண்பகலில் மகள் மீன் ஆணம் ஆக்கினாள். பெரியவர் நம் வீட்டுக்கு வந்து, நெற்றி வியர்க்க, இருமுறை கேட்டு வாங்கி உண்டார்.

ஊர் திரும்பும்போது பேரன் ஒரு தவளையைக் கட்டிக் கண்ணாடிப் புட்டியில் இட்டுத் தந்தான். “பையில் வைத்துக்கொள்ளாதீர்கள், அப்பா” என்று எச்சரித்துத்தான் தந்தான். அது இப்போது நம் மேசைமேல் இருக்கிறது. அந்த உஸூல் விதியைப் பாடம் நடத்தும் நாளில் புட்டியை மாணவர்களிடம் கொடுத்து, இது என்னவென்று முதலில் சொல்லுங்கள், கூடுமா கூடாதா என்பதைப் பிறகு பார்ப்போம் என்கிறோம்.

பேரனும் பெரியவரும் இப்போதும் ஏரிக்குச் செல்கிறார்கள். தொலைபேசியில் எத்தனை பிடித்தான், எத்தனை விட்டான் என்று நாம் கேட்பதில்லை. சென்ற வாரம் அவனாகவே அழைத்து, முயல் உரோமத்துக்கும் இதே சட்டம்தானா என்று கேட்டான். ஒரு மணி நேரம் பேசினோம். வல்ல அல்லாஹ் அவன் கேள்விகளை நீட்டித் தருவானாக.